பதினேழு குள்ளரும் ஒன்றரை முழமும்

நம் வயதுக்காரர் நாலு பேர் கூடினால், ஊரில் விட்டுவிட்டு வந்தவற்றைத்தான் கணக்கெடுக்கிறோம். வீடு, வள்ளம், பள்ளிக்கூடச் சான்றிதழ், கிணற்றடி மாமரம். அந்தப் பட்டியலில் எனக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அறுபதை நெருங்கும் இந்த நாட்களில் என் மனதை அரிப்பது, இங்கே கனடாவில், ஸ்காபரோவில், பன்னிரண்டு வயதில் நான் தொலைத்த பதினேழு குள்ளர். ஈயத்தில் வார்த்த குள்ளர். ஆளுக்கு ஓர் அங்குல உயரம். அவர்களைப் பற்றி இதுவரை ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. அப்பாவுக்குக்கூட.

அப்போது நாங்கள் வோபர்ன் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் எட்டாம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, சித்தப்பா, நான். நாலு பேருக்கு ஒரு படுக்கையறை. லிஃப்ற் இரண்டு. அதில் ஒன்று எப்போதும் பழுது. அப்பா ஊரில், எங்கள் தீவில், கடற்தொழில் செய்தவர். இங்கே பிளாஸ்ரிக் வாளி செய்யும் ஃபக்டரியில் நாள் முழுக்க வாளிகளுக்குக் கைப்பிடி மாட்டினார். சித்தப்பா, கார்களுக்கு ரயர் மாற்றும் கராச் ஒன்றில் வேலை. அம்மா வீட்டில் இருந்து, எங்கள் மூவரையும் பார்த்துக் கவலைப்பட்டார்.

முதலாவது குள்ளன் மீன் றோலுக்குப் பதிலாக வந்தான். ஐந்தாம் மாடியில் இருந்த கயானாப் பொடியன் என் வகுப்பு. அவனிடம் கொப்ளின் படை ஒன்று இருந்தது. பச்சைத் தோலும் நீண்ட மூக்கும் கொண்ட சின்னப் பூதங்கள், அறுபத்திரண்டு பேர். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அவற்றை வரிசையாக நிறுத்துவான். ஒருநாள் அம்மா கட்டித் தந்த றோலில் பாதியைக் கேட்டான். கொடுத்தேன். பையைத் துழாவி, கோடரி முறிந்த குள்ளன் ஒருவனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். சின்னப் பொருள், ஆனால் எதிர்பாராத பாரம். கை குளிர்ந்தது. தாடியில் ஒவ்வொரு மயிரும் கீறலாகத் தெரிந்தது. இடுப்புப் பட்டியில் ஒரு கொக்கி, அந்தக் கொக்கியில் ஒரு குவளை. இவ்வளவு சின்னக் குவளையை எந்தக் கை செய்தது என்று அன்று பின்னேரம் முழுக்க யோசித்தேன்.

"உன்னிடம் படை இல்லாதபடியால்தான் நான் யாரோடும் சண்டை பிடிக்க முடியாமல் இருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் குற்றம் சாட்டினான்.

அந்தக் குளிர்காலம் முழுதும் வீடு வீடாக விளம்பரத் தாள் போட்டேன். கிடைத்ததெல்லாம் சின்னப் பிளாசா ஒன்றின் நிலக்கீழ்க் கடைக்குப் போனது. ஒரு பெட்டியில் ஆறு குள்ளர். கடைக்காரர் சிகரெட்டும் கையுமாக இருப்பார்; நான் பெட்டியைத் திறந்து ஆறு தலையையும் எண்ணிப் பார்க்கும்வரை பொறுத்திருப்பார். சித்திரை முடியும்போது, கோடரி முறிந்தவனைப் படையில் சேர்க்காமல், என்னிடம் நாற்பத்தெட்டுப் பேர். ஒருவனின் முதுகில் பீப்பா. இன்னொருவனுக்கு ஒரு கண்ணில் துணிக்கட்டு. அரசனின் தாடி இரண்டு பின்னலாக முழங்கால்வரை தொங்கியது.

வர்ணம் பூசுவதுதான் பெரிய வேலை. முதலில் உடம்பு முழுக்கக் கறுப்பு. காய்ந்தபின் அதன்மேல் மற்ற நிறங்கள். தாடிக்கு ஒரு தந்திரம் உண்டு: தூரிகையை வர்ணத்தில் தோய்த்து, கடதாசியில் துடைத்துத் துடைத்து, இனி ஒன்றும் இல்லை என்ற நிலையில் தாடிமேல் இழுக்கவேண்டும். மேடுகள் மட்டும் நிறத்தைப் பிடிக்கும். பள்ளங்களில் கறுப்பு நிற்கும். ஒரு கணத்தில் தாடி உயிர் பெற்றுவிடும். கண் வைப்பதற்கு அம்மாவின் தையல் ஊசி. கண் வைக்கும்போது மூச்சுவிடக்கூடாது. இரண்டு கண்ணும் ஒரே திசையில் பார்த்தால் அன்றைக்கு நல்ல நாள்.

தோல் நிறப் புட்டி வாங்க எனக்குத் தோன்றவில்லை. மண்ணிறத்தில் கொஞ்சம் வெள்ளை கலந்து பூசினேன். எனக்குத் தோல் என்றால் அதுதான்.

"குள்ளர் இந்த நிறம் இல்லை" என்றான் கயானாப் பொடியன். அவனும் என் நிறம்தான்.

"நீ எங்கே கண்டாய்?"

"எல்லாருக்கும் தெரியும்."

"அப்போ பச்சை நிறத்தில் ஆளை எங்கே கண்டாய்?"

அவன் ஒரு கொப்ளினை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

சித்தப்பா வேலையால் வந்து குள்ளர் வரிசையைக் குனிந்து பார்ப்பார். "அண்ணை, இஞ்ச ஓடி வாங்கோ! உவன் எங்கட சம்மாட்டியாரல்லோ! தாடியும் வண்டி வயிறும் அப்பிடியே!" ஊரில் அப்பா ஓட்டிய வள்ளத்தின் முதலாளியைத்தான் சொல்வார். அப்பா கிட்ட வந்து பார்த்துச் சிரிப்பார். "ஓமடா. சம்பளம் கேட்டால் உப்பிடித்தான் கோடாலியோட நிப்பார்."

"படிக்கிற பிள்ளை பொம்மைக்கு மை பூசிக்கொண்டு இருக்குது. தேப்பன் சிரிக்கிறார்" என்று குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வரும்.

அப்பாவுக்கும் அந்தக் குளிர்காலத்தில் ஒரு வேலை இருந்தது. அலுமாரிக் கதவின் கைப்பிடியில் நைலோன் நூலைக் கட்டி, வீச்சுவலை ஒன்று பின்னிக்கொண்டிருந்தார். ஏரியில், ஆறு வந்து விழுகிற இடத்தில், வெயில் காலம் தொடங்கும்போது எங்கள் ஊர்ச் சூடை மாதிரி ஒரு சின்ன மீன் கரைவரைக்கும் கூட்டமாக வருகிறதென்று ஃபக்டரியில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஹோலின் ஒரு மூலையில் நிலத்தில் அமர்ந்து அவர் வலைக் கண்களை வாய்க்குள் எண்ணுவார். மற்ற மூலையில் நான் குள்ளரின் கேடயங்களை எண்ணுவேன். சில நேரம் இரண்டு எண்ணிக்கையும் ஒன்றோடொன்று மோதிவிடும். "நூற்றிப்பதினாலு, நூற்றிப்பதினைஞ்சு, முப்பத்தாறு... டேய்! உன்ர குள்ளன் ஒருத்தன் என்ர வலைக்குள்ள பூந்திட்டான்!" இருவரும் திரும்பவும் ஒன்றில் இருந்து தொடங்குவோம். எதை எடுத்தாலும் எண்ணுகிற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று என் மனைவி கேட்பதுண்டு. அந்த ஹோலில் இருந்துதான்.

வலையின் விளிம்பு முழுக்க ஈயக் குண்டு கட்டவேண்டும். அந்தப் பாரம்தான் வலையைத் தண்ணீருக்கு அடியில் இறக்கி மீனை மூடும். ரயரைச் சமன் செய்யச் சில்லில் அடிக்கும் ஈயத் துண்டுகள் கராச்சில் கழிவாகக் கிடக்கும். சித்தப்பா அவற்றைக் காற்சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவருவார். பல்கனியில் ஒரு வாளிக்குள் அவை சேர்ந்தன. அப்பா அவற்றைப் பால்ரின்னில் உருக்கி, பலகையில் வெட்டிய பள்ளங்களில் ஊற்றி, ஆறியபின் துண்டு துண்டாக்கி, விளிம்புக் கயிற்றில் சுற்றி அடித்தார்.

வைகாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"இன்னும் ஒன்றரை முழத்துக்கு ஈயம் காணாது" என்றார் அப்பா. "அந்த ஒன்றரை முழத்துக்கால அவ்வளவு மீனும் போயிடும்."

"இனி என்னால ஏலாது அண்ணை. என்ர பொக்கற் ஏன் தொங்குது எண்டு முதலாளி கேக்கிறான்" என்றார் சித்தப்பா.

நான் சோற்றைப் பிசைந்தபடி வேறு கணக்கில் இருந்தேன். ஆனி மாதக் கடைசிச் சனிக்கிழமை, எங்கள் கட்டடத்தின் லோண்டரி அறை மேசையில், குள்ளருக்கும் கொப்ளின்களுக்கும் பெரும் போர் என்று முடிவாகியிருந்தது. வர்ணம் பூசாதவன் போருக்கு வரக்கூடாது என்பது நாங்கள் இருவரும் கையடித்து வைத்த சட்டம். என் நாற்பத்தெட்டுப் பேருக்கும் வர்ணம் இருந்தது. ஆனால் முதல் பூசிய பதினேழு பேர் என் மானத்தை வாங்கினார்கள். தூரிகை பிடிக்கத் தெரியாத நாளில் பூசியவை. வர்ணம் தடித்து, மூக்கும் வாயும் மூடி, தாடி களிமண் போல் கிடந்தது. அரசனும் அந்தப் பதினேழில் ஒருவர். அவரை அந்தக் கோலத்தில் போருக்கு அனுப்ப எனக்கு மனமில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்ததும், பதினேழு பேரையும் ஜாம் போத்தலில் தின்னர் ஊற்றி ஊறவைத்தேன். பழைய பல்தூரிகையால் ஒவ்வொருவரையும் தேய்த்தேன். வர்ணம் சுருண்டு கழன்றது. உள்ளே இருந்து புது ஈயம் பளிச்சென்று வந்தது. அரசனின் நெற்றியில் ஒரு சுருக்கம் இருப்பதை அன்றுதான் கண்டேன்.

"குசினிக்குள்ள உந்த மணம் வேண்டாம். தலை சுத்துது. வெளியால கொண்டுபோய் வை" என்றார் அம்மா.

பல்கனியில் பத்திரிகைத் தாள் விரித்து, பதினேழு பேரையும் நாலு வரிசையாக அடுக்கினேன். நாலு, நாலு, நாலு, ஐந்து. ஒதுக்குப்புறமான ஒரே இடம் ஈய வாளிக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. விளம்பரத் தாள் போட்டு முடித்து வந்து கதவைத் திறந்தபோது, வீடெல்லாம் சூடான உலோக வாசம். ஹோலின் நடுவில் வலை குவிந்து கிடந்தது. அப்பா முழந்தாளில் இருந்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை.

"வாடா தம்பி, வந்து பார். உன்ரதுதான் இது."

விளிம்பைத் தூக்கிக் காட்டினார். சில்லு ஈயம் சாம்பல் நிறமாக மங்கிக் கிடந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் ஒன்றரை முழத்துக்கு வெள்ளிபோல் மினுங்கியது. இருபத்திரண்டு குண்டுகள்.

"ராசகுடும்பத்து ஈயமெல்லோ" என்றார் சித்தப்பா.

"நான் வாய்விட்டுக் கேக்கேல்லை" என்றார் அப்பா சித்தப்பாவிடம். இதை ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை சொல்லியிருப்பார் என்று குரலிலேயே தெரிந்தது. "முந்தநாள் சாப்பிடேக்கை சொன்னதைக் கேட்டிட்டு, பெயின்ற் எல்லாம் கழட்டி, தேச்சுக் கழுவி, வாளிக்குப் பக்கத்தில அடுக்கி வைச்சிருக்கிறான். பூசினதெல்லாம் தனக்கு வைச்சுக்கொண்டு, கழட்டினதை எனக்கு. கேளாமத் தந்தவன்!"

அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு, துடைத்து முடித்த அடுப்பைத் திரும்பவும் துடைக்கத் தொடங்கினார்.

அறைக்குள் போய் மிச்சத்தை எண்ணினேன். முப்பத்தொன்று. மூன்று முறை எண்ணினேன்.

அந்த வயதில் எனக்கு ஒரு விளக்கம்தான் இருந்தது: அப்பா என் அரசனை உருக்கிவிட்டார். வர்ணம் பூசிய ஒருவனில்கூட அவர் கைவைக்கவில்லை என்பதையும், வெறும் ஈயமாக வாளியருகே கிடந்ததை வேறெப்படி அவர் விளங்கிக்கொண்டிருப்பார் என்பதையும் யோசிக்க எனக்கு இன்னும் முப்பது வருடம் தேவைப்பட்டது. கயானாப் பொடியனிடம் சொன்னபோது முதலில் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, இரண்டு கொப்ளின்களை நீட்டினான். "கூலிப்படை என்று வைத்துக்கொள்" என்றான். நான் வாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்ததும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனார். சித்தப்பாவுக்கு வேலை. வலையை அரிசிப் பைக்குள் திணித்து, இரண்டு வாளிகளோடு லோரன்ஸ் வீதி பஸ்ஸில் ஏறினோம். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டை அப்பா மாற்றவில்லை. இறங்கி நடக்கையில், ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு கம்பத்தில் பலகை இருந்தது. ஏழு வரிகள். நான் ஏழையும் வாசித்தேன். இரண்டாம் வரி, குப்பை போடவேண்டாம் என்றது. ஐந்தாம் வரி, கைப்பிடி வைத்த சின்ன வலை தவிர வேறு வலை போடக்கூடாது என்றது.

அப்பாவுக்கு ஆங்கில எழுத்து வராது. காசோலை முதல் கடிதம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் நான்தான்.

"உதில என்ன போட்டிருக்கு?"

"குப்பை போட வேண்டாமாம்."

"அவ்வளவும் அதுவோ?"

"ஓம்."

"நாங்கள் ஏன் குப்பை போடுறம்? கெதியா வா, மீன் போயிடும்."

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. அந்த இருபத்திரண்டு குண்டுகளையும் யாராவது அவரிடமிருந்து பறிக்கவேண்டும் என்று அந்த நேரத்தில் நான் விரும்பினேன். எனக்கு இல்லாதது அவருக்கும் இருக்கக்கூடாது.

அப்பா காற்சட்டையை மடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். வலையில் ஒரு பகுதியை இடது முழங்கையில் போட்டு, விளிம்பின் ஓரிடத்தைப் பல்லால் கடித்து, மிச்சத்தை வலது கையில் ஏந்தினார். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். இடுப்பு ஒருமுறை திரும்பியது. வலை வட்டமாக விரிந்து, ஒரே சத்தத்தோடு நீரில் விழுந்தது. விரிந்த அந்தக் கணத்தில், வட்டத்தின் ஓரத்தில் ஒன்றரை முழம் மட்டும் வெயிலில் மின்னியதை நான் கண்டேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த சீனக் கிழவர் ஒருவர் கை தட்டினார்.

முதல் வீச்சில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் வலை கனத்தது.

"சூடை! எங்கட சூடையடா! அதே மீன்!"

கரையில் உதறினார். வெள்ளித் துண்டுகள் மணலில் துள்ளின. நான் வேண்டாவெறுப்பாகத்தான் பொறுக்கத் தொடங்கினேன். பத்து, பதினைந்து, இருபது. முப்பதுக்குப் பிறகு ஓடி ஓடிப் பொறுக்கினேன். நாற்பத்து மூன்று மீன். அப்பா தண்ணீரில் நின்றபடி, "எத்தினை?" என்று கத்தினார். நான் பதிலுக்குக் கத்தினேன். வாளிக்குக் கைப்பிடி மாட்டுகிற மனிதர் அங்கே இல்லை. எல்லாமே தெரிந்த ஒருவர் தண்ணீரில் நின்றார். இவரைத் தீவில் நான் கண்டிருக்கவேண்டும். சின்ன வயதில் கவனிக்கவில்லை. எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மூன்றாம் வீச்சுக்கு அவர் வலையை மடித்தபோது, பலகையில் இருந்த ஐந்தாம் வரியைச் சொல்லிவிடலாம் என்று தண்ணீரை நோக்கி நடந்தேன்.

அப்போது சீருடை அணிந்த அதிகாரி ஒருவர் பாலத்தடியால் வந்துகொண்டிருந்தார்.

உயரமான மனிதர், மரியாதையாகப் பேசினார். இப்படியான வலை இங்கே கூடாது, உன் அப்பாவுக்குத் தெரியாதா என்று என்னிடம் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"தெரியாமச் செய்துபோட்டன் எண்டு சொல்லு" என்றார் அப்பா.

சொன்னேன். அதிகாரி திரும்பி, தூரத்தில் இருந்த பலகையைக் கையால் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அப்பா பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாளிக்குள் பார்த்தேன்.

"பிள்ளை சின்னவன், அவனுக்கு அந்த இங்கிலீஷ் விளங்கியிராது எண்டு சொல்லு" என்றார் அப்பா. "அவனில பிழை இல்லையெண்டு சொல்லு."

ஐந்தாம் வகுப்பில் இருந்து ஆங்கிலத்தில் முதலாம் பிள்ளை நான். அந்த வசனத்தை என்னால் ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லை. "மன்னித்துக்கொள்ளச் சொல்கிறார்" என்று மட்டும் சொன்னேன்.

தண்டம் எழுதமாட்டேன், வலையை மட்டும் எடுக்கவேண்டும் என்றார் அதிகாரி. உயிருள்ள மீனைத் தண்ணீரில் விடச் சொன்னார். அப்பா வாளியைச் சரித்தார். ஐந்து மாதம் பின்னிய வலையை ஈரம் பிழிந்து, ஒழுங்காக மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தார். கொடுத்தபின் ஒரு கையை விடாமல் பிடித்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"தம்பி, ஒண்டு கேள். விளிம்பில இந்தத் துண்டை மட்டும் வெட்டித் தர ஏலுமோ எண்டு கேள். வலை வேண்டாம். இது பிள்ளை தந்த ஈயம், அதுக்குத்தான் எண்டு சொல்லு."

அதிகாரி காத்திருந்தார். முகத்தில் அவசரம் இல்லை. கேட்டிருந்தால் தந்திருப்பார் என்றே இப்போது நினைக்கிறேன். ஆனால் நான் தராத ஒன்றை, நான் தந்தது என்று என் வாயால் எப்படிச் சொல்வது?

"நன்றி சொல்கிறார்" என்றேன் அதிகாரியிடம்.

"ஏலாதாம்" என்றேன் அப்பாவிடம்.

அப்பா கையை எடுத்தார்.

பஸ்ஸில் என்னை ஜன்னல் பக்கம் இருத்தினார். வெறும் அரிசிப் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் காற்சட்டையில் இருந்து இரண்டு பேரின் சப்பாத்துக்கும் தண்ணீர் வடிந்தது. ஏழு தரிப்புகளை எண்ணினேன்.

"நீ எத்தினை தந்தனி?" என்று கேட்டார் திடீரென்று. "நான் எண்ணாம உருக்கிப்போட்டன்."

"பதினேழு."

"பதினேழோ!" வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "உனக்கு விளையாட மிச்சம் கிடக்கோ?"

"முப்பத்தொண்டு கிடக்கு அப்பா."

"நீ கேளாமத் தந்ததை நான் ரெண்டு கிழமைகூட வைச்சிருக்கேல்லை." பையின் மடிப்பை நகத்தால் அழுத்தினார். "கோவமோ என்னில?"

"இல்லை அப்பா" என்றேன்.

அது உண்மை. அன்று காலை முதல் நான் சொன்ன பொய்களையெல்லாம் அப்படியே நம்பிய மனிதர், கலங்கிய என் கண்ணைப் பார்த்துவிட்டு, இதை மட்டும் நம்பவில்லை.